டிலீட் செய்யும்போது "அழிக்கும் காரணம்" சேமிக்கப்படவில்லை – கொழுந்து நிறுவை வெப் அப்

கேள்வி (அட்டன்):
பி.எச்.பி 7.4, மைஎஸ்கியூஎல். மடுவத்தில் (தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடம்) பிழையாகப் பதிந்த நிறையை கிளாக்கர் (தோட்டக் கணக்கர்) அழிக்கும்போது காரணம் எழுத வேண்டும்; அது லாக் (நடந்ததைப் பதிந்துவைக்கும்) டேபிளில் ஏறிய பிறகுதான் வரி அழிய வேண்டும். இப்போது வரி அழிகிறது, லாக்கில் ஒன்றுமே இல்லை, எரரும் வருவதில்லை. போஸ்ட்டில் (ஃபோம் சர்வருக்கு அனுப்பும் தரவு) வரும் காரணமும் வெறுமையாக இருக்கிறது. காரணப் பெட்டி எடிட் ஃபோமுக்குள், டிலீட் பட்டன் அதற்குக் கீழே தனி ஃபோமில். தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

பதில் (பண்டாரவளை):
பட்டன் எந்த ஃபோமில் இருக்கிறதோ அந்த ஃபோமின் பெட்டிகள் மட்டுமே சர்வருக்குப் போகும். ஒரு ஃபோமுக்குள் இன்னொரு ஃபோமை வைக்கவும் முடியாது. டிலீட் ஃபோமுக்கு ஒரு ஐடி கொடுத்து, காரணப் பெட்டியின் "ஃபோம்" பண்புக்கூறில் அதே ஐடியை எழுதுங்கள். பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கும், ஆனால் டிலீட்டோடு மட்டும் போகும். "ரிக்வயர்ட்" போட்டாலும் சாதாரண சேவ் தடைபடாது. பெட்டிக்கு நேம் இருக்கிறதா, டிஸேபிள் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். வெறும் இடைவெளியைத் தட்டி அனுப்புவார்கள், ஆகவே சர்வரிலும் டிரிம் செய்து சோதியுங்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா, காரணம் இப்போது போஸ்ட்டில் வருகிறது. லாக் டேபிள் மட்டும் இன்னும் காலி. முதலில் இன்சர்ட், பிறகுதான் டிலீட். லாக்கில் நிறுவை ஐடி ஃபொரின் கீ (நிறுவை டேபிளோடு இணைக்கும் சாவி), ஆன் டிலீட் கேஸ்கேட் (மூல வரி அழிந்தால் இணைந்த வரியும் அழியும்).

பதில் (தலவாக்கலை):
கேஸ்கேட்தான் காரணம். லாக் வரி ஏறுகிறது. அடுத்த நொடியே நிறுவை வரி அழியும்போது அதையும் கூட இழுத்துக்கொண்டு போகிறது. கையால் ஒரு வரியை லாக்கில் இன்சர்ட் செய்து பாருங்கள், ஐடி எண் தாவியிருக்கும். கேஸ்கேட்டுக்குப் பதில் "செட் நல்" (ஐடியை வெறுமையாக்குவது) போட்டால் வரி மிஞ்சும், ஆனால் எந்த நிறுவை என்பது போய்விடும். அந்த ஃபொரின் கீயையே எடுத்துவிடுங்கள். ஆள் நம்பர், திகதி, மலை நம்பர், கிலோ, பதிந்தவர், அழித்தவர், காரணம் எல்லாவற்றையும் லாக்கில் பிரதியாக வையுங்கள். நிறை குறைந்தால் முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) அரைப்பேராகிவிடும். கொழுந்து பறித்தவர் வந்து கேட்டால் காட்டுவதற்கு அந்த ஒரு வரிதான் இருக்கும்.

அழிக்கும் வேலை முழுவதும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் நடக்கட்டும். தொடங்கியதும் அந்த வரியை "ஃபோர் அப்டேட்" போட்டு செலெக்ட் செய்யுங்கள். வரி இல்லையென்றால் அங்கேயே ரோல்பேக் (செய்ததையெல்லாம் திருப்புவது). இருந்தால் லாக்கில் இன்சர்ட், பிறகு டிலீட், பாதித்த வரி 1 என்றால் கமிட் (நிலையாக்குவது). சிக்னல் விழுந்து கிளாக்கர் பட்டனை இரண்டு தரம் அமத்தினாலும் லாக் இரட்டிக்காது. இரண்டு டேபிளின் சேமிப்பு எஞ்சினும் இன்னோடிபியாக இருக்க வேண்டும். மைஐசாம் என்ற மற்ற எஞ்சின் ரோல்பேக்கைக் கவனிக்காது. பி.எச்.பி 8.0க்கு முன் பி.டி.ஓ (டேட்டாபேஸோடு பேசும் பி.எச்.பி பகுதி) இயல்பில் எரரைச் சொல்லாமல் விட்டுவிடும், உங்களுடையது 7.4. எரர் மோடை எக்ஸப்ஷனுக்கு மாற்றுங்கள்.

பதில் (பண்டாரவளை):
டிரிகர் (வரி மாறும்போது டேட்டாபேஸ் தானே ஓட்டும் கட்டளை) வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். ஃபோமில் எழுதிய காரணம் டிரிகருக்குத் தெரியாது. செஷன் மாறியில் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். கேஸ்கேட்டால் அழியும் வரிகளுக்கு மைஎஸ்கியூஎல் டிரிகரை ஓட்டுவதும் இல்லை. சம்பளக் கணக்கென்றால் நான் டிலீட்டே செய்யமாட்டேன்: டேபிளில் "அழித்த நேரம்" என்றொரு நிரல் சேர்த்து, அதையும் காரணத்தையும் ஒரே அப்டேட்டில் எழுதிவிடுவேன். அப்படிச் செய்தால் செக்ரோல் (தோட்டச் சம்பளப் பதிவேடு) குவெரி ஒவ்வொன்றிலும் அந்த நிரல் "நல்" ஆக (வெறுமையாக) இருக்கும் வரிகளை மட்டும் எடுக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அழித்த கிலோவும் மாதக் கூட்டுத்தொகையில் ஏறும்.