செண்பகம் துரைராஜன் வழக்கில் 46ஆம் பிரிவு ஏன் கைகொடுக்கவில்லை?

கேள்வி: நலிந்த பிரிவினரின் கல்வி நலனை அரசு பேண வேண்டும் என்று அரசமைப்பின் 46ஆம் பிரிவே கூறியிருக்க, கல்லூரி இடங்களைச் சாதி, மதவாரியாகப் பங்கிட்ட சென்னை மாநிலத்தின் வகுப்புவாரி அரசாணையை, செண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கில் 1951இல் உச்ச நீதிமன்றம் எப்படிச் செல்லாது என்றது?

பதில்: 46ஆம் பிரிவு வழிகாட்டு நெறி, அதாவது அரசு பின்பற்ற வேண்டிய, ஆனால் நீதிமன்றம் வழியாக வலியுறுத்த முடியாத கொள்கை; அது அடிப்படை உரிமைக்குக் கீழ்ப்பட்டதே என்று ஏழு நீதிபதிகள் அமர்வு கருதியது. ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிராமணர்களுக்கு 2 என்பதுபோல் சாதி, மதவாரியாகப் பங்கிட்ட அந்த ஆணை, சாதியை மட்டும் காரணமாக்கிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்னும் அடிப்படை உரிமையான 29(2)ஆம் பிரிவுடன் நேராக மோதியது.

மற்றொரு பதில்: நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அரசுப் பணியில் பிற்படுத்தப்பட்டோருக்கு இடஒதுக்கீடு செய்ய அனுமதிக்கும் 16(4)ஆம் பிரிவு இருந்தது. கல்விக்கு அத்தகைய விதிவிலக்கு இல்லை. அந்த விடுபடலை நீதிமன்றம் பொருளுள்ளதாகக் கொண்டதுதான், என் பார்வையில், தீர்ப்பின் உயிர்நாடி.

கேள்வி கேட்டவர்: அப்படியானால், பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு வழிவிடும் 15(4)ஆம் பிரிவு அந்த இடைவெளியை நிரப்பவே வந்ததா?

பதில்: ஆம் ஐயா. அதே ஆண்டு ஜூனில், அரசமைப்பின் முதலாவது திருத்தம் அதைச் சேர்த்தது.