கோத்தகிரி மலைப்பாதைகளில் உடன் ஓடியவர்கள்: எங்கள் ஓட்டக் குழுவினரின் அனுபவங்கள்

கோத்தகிரியில் வசிக்கும் உறுப்பினர்

எங்கள் மலையோட்டக் குழுவில் சேர விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, ஒரு கிலோமீட்டரை எத்தனை நிமிடத்தில் ஓட வேண்டும் என்பதுதான். சமதளத்தில் அந்தக் கேள்விக்குப் பொருள் உண்டு. சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோத்தகிரியில், ஒரே கிலோமீட்டருக்குள் தேயிலைச் சரிவில் ஏறி, சோலையோரத்து ஈரக் கற்களில் இறங்கி, மூச்சு அடங்குவதற்குள் மறுபடியும் ஏற வேண்டியிருக்கும்போது அந்தக் கணக்கு உதவாது. இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கோவையில் பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தை இங்கே பிடித்தால் முதல் ஏற்றத்திலேயே பேச்சு நின்றுவிடும்.

ஆகவே எங்கள் குழுவின் வேகத்தை முடிவு செய்பவர் கடைசியாக வருபவர். பாதை பிரிகிற ஒவ்வோர் இடத்திலும் முன்னால் போனவர்கள் நிற்பார்கள். கடைசி ஆள் வந்து சேர்ந்து, அவரும் தண்ணீர் குடித்து மூச்சு வாங்கிய பிறகுதான் எல்லோரும் கிளம்புவார்கள். அவர் வந்தவுடனே கிளம்பிவிட்டால், ஓய்வு தேவைப்படாதவர்களுக்கு ஓய்வும், தேவைப்படுகிறவருக்கு ஓட்டமும் மிஞ்சும். நின்று காத்திருக்க விரும்பாத வேகமானவர்கள் திரும்பி இறங்கிவந்து கடைசி ஆளோடு சேர்ந்து மீண்டும் ஏறலாம். அவர்களுக்குக் கூடுதல் ஏற்றப் பயிற்சி கிடைக்கிறது, பின்னால் வருபவருக்குத் துணை கிடைக்கிறது. இதைவிட நல்ல பயிற்சி முறையை நான் இதுவரை கண்டதில்லை.

இந்த வழக்கம் எவ்வளவு அவசியமானது என்பதை ஒரு பனிமூட்டக் காலையில் கண்ணால் பார்த்தேன். தேயிலைத் தோட்டத்துச் சாலையின் திருப்பத்தில் எங்களுக்கு முன்னால் ஓடிய இளைஞர் சட்டென்று நின்று கையை உயர்த்தினார். சில்வர் ஓக் மரங்களுக்கிடையே ஒரு தனிக் காட்டெருமை நின்றுகொண்டிருந்தது. முதலில் தெரிந்தவை அதன் கால்கள்தான். முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல் இருக்கும் அந்த நிறம், கறுத்த உடல் பனியில் மறைந்திருந்தபோதும் பளிச்சென்று தெரிந்தது. பிறகு மூக்கிலிருந்து வந்த ஆவி, அதன் பின் ஒரு சீறல். கூட்டமாக மேய்கிற காட்டெருமைகள் பொதுவாக மனிதர்களைக் கண்டால் மெல்ல விலகிவிடும். தனியாகத் திரியும் வயதான ஆணை அப்படி நம்ப முடியாது. ஓடினால் துரத்தக்கூடும், கல்லெறிந்தால் நிச்சயம் வரும். நாங்கள் அதன் பக்கமே பார்த்தபடி, ஒருவர் பையை ஒருவர் பிடித்துக்கொண்டு, பின்னோக்கி நடந்து திருப்பத்துக்கு இந்தப்புறம் வந்து சேர்ந்தோம். கடைசியில் வந்துகொண்டிருந்த இருவர் பனியில் எதையும் பார்க்கவில்லை. நாங்கள் ஊதிய நீண்ட விசில் ஒலியைக் கேட்டு அவர்கள் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள். எல்லோரும் தனித்தனியாக, காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, அவரவர் வேகத்தில் ஓடியிருந்தால் அந்தத் திருப்பத்தில் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

கரடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதற்குக் கண்பார்வை மந்தம்; எதிர்பாராமல் அருகில் போய்விடுகிறவரைத்தான் அது தாக்குகிறது. கோத்தகிரிப் பக்கம் தோட்டங்களில் அது நடமாடுவது விடிகாலையிலும் அந்தியிலும். எனவே நெற்றிவிளக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நன்றாக வெளிச்சம் வருமுன் நாங்கள் கிளம்புவதில்லை. ஓடும்போது பேசிக்கொண்டே ஓட வேண்டும் என்பது எங்கள் குழுவில் விதி, பொழுதுபோக்கு அன்று.

கோவையிலிருந்து வரும் உறுப்பினர்

சாலையில் நெடுந்தூரம் ஓடிப் பழகிய பிறகுதான் நான் இந்தக் குழுவில் சேர்ந்தேன். ஏற்றத்துக்கு வேண்டிய பயிற்சி என்று மருதமலைப் படிகளில் ஏறி இறங்கியிருந்தேன். கால்களில் வலு இருந்தது, மூச்சும் ஓரளவு பழகியிருந்தது. மலை எனக்குக் கற்றுக்கொடுத்தது இறங்குவதைத்தான்.

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கித் தடுக்க வேண்டியிருக்கிறது. பழகாத தசையில் இந்த வேலை நுண்ணிய சிதைவுகளை உண்டாக்குகிறது. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் மாடிப்படி இறங்கும்போது உயிர் போகிற வலி வருவது அதனால்தான். ஆனால் உடம்பு இதை விரைவில் கற்றுக்கொள்கிறது. ஒரு முறை நன்றாக இறங்கிவிட்டால் அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் அவ்வளவு வலிப்பதில்லை. எனவே புதியவர்களுக்கு முதல் நாள் நீண்ட இறக்கம் கொடுக்காமல், குறுகிய இறக்கங்களைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதில் எங்கள் பயிற்சியாளர் கண்டிப்பாக இருக்கிறார்.

எனக்கு இறங்கக் கற்றுக்கொடுத்தவர் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லைன் வீட்டில் (தொழிலாளர்களின் வரிசை வீடு) வளர்ந்த கல்லூரி மாணவி. அவருடைய பாட்டி இலங்கையின் மலையகத்திலிருந்து 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி நீலகிரிக்கு வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். பாட்டியும் அம்மாவும் கொழுந்து பறித்தவர்கள். இந்த மாணவி பள்ளிக்குப் போனதே பாத்திகளுக்கு நடுவே சரிவில் இறங்கித்தான். நான் உடம்பைப் பின்னால் சாய்த்து, குதிகாலை ஊன்றி, அடிக்கு அடி பிரேக் போட்டுக்கொண்டு இறங்குவதைப் பார்த்துவிட்டு, "அக்கா, காலடியப் பாக்காதீங்க. நாலடி தள்ளிப் பாருங்க, காலு தானா எடம் கண்டுபிடிக்கும்" என்றார். பிறகு எனக்கு முன்னால் இறங்கிக் காட்டினார். சிறு சிறு அடிகள், இரு பக்கமும் சற்றே விரிந்த கைகள், பாதத்தின் நடுப்பகுதி மண்ணைத் தொட்டவுடனே அடுத்த அடி. யூகலிப்டஸ் சருகு கிடக்கும் இடத்தில் ஓரமாகப் போனார். பாசி படிந்த கல்லை மிதிக்காமல் இரண்டு கற்களுக்கு நடுவே இருக்கும் மண்ணை மிதித்தார். ஷூவின் அடிப்பல் ஆழத்தைப் பற்றி நான் எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். அன்று அவர் காலில் இருந்தது அடி தேய்ந்த சாதாரண ஷூ.

ஏற்றத்தில் அவர் என்னிடமும் ஒன்றைக் கற்றுக்கொண்டார் என்பதை மகிழ்ச்சியோடு சொல்கிறேன். தொடக்கத்தில் அவர் எல்லா ஏற்றத்தையும் ஓடியே கடக்கப் பார்த்து, பாதி வழியில் சோர்ந்து உட்கார்ந்துவிடுவார். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு விடாமல் சொல்ல முடியவில்லை என்றால் நடக்க வேண்டும், முழங்காலுக்குச் சற்று மேலே தொடையில் கையை ஊன்றி நீண்ட அடி வைத்து வேகமாக நடக்க வேண்டும், மலையோட்டத்தில் அது தோல்வி அன்று என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்குப் பல வாரங்கள் பிடித்தன. கடும் சரிவில் ஓடுவதும் வேகமாக நடப்பதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. நடப்பவருக்குச் சக்தி மிச்சம். இப்போது நாங்கள் இருவரும் ஏற்றத்தில் சேர்ந்து நடக்கிறோம். இறக்கத்தில் அவர் போய்விடுகிறார், பாதை பிரியும் இடத்தில் கடலைமிட்டாயைப் பாதி உடைத்து எனக்காக வைத்திருக்கிறார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

அறுபது வயதைத் தாண்டிய பிறகு குழுவில் சேர்ந்தவன் நான். பெரும்பாலும் நான்தான் அந்தக் கடைசி ஆள், அந்த இடம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. என்னோடு முறைவைத்து ஓடும் இளைஞர்களுக்கு நான் பாதையின் கதையைச் சொல்வேன். கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி வந்தது இந்தக் கோத்தகிரிப் பக்கமாகத்தான். 1820களின் தொடக்கத்தில் மெக்பெர்சன் என்ற ராணுவ அதிகாரியின் மேற்பார்வையில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குப் பாதை வெட்டப்பட்டது. அதற்கு எவ்வளவோ முன்பே தோதவரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் படகரும் நடந்து நடந்து இட்ட தடங்கள் இந்த மலை முழுதும் இருந்தன. நாம் ஓடுவது அவர்களுடைய தடங்களின் மேல் என்பதை மறக்காமல் ஹட்டிகள் எனப்படும் படகர் ஊர்களின் வழியே போகும்போது வேகத்தைக் குறைத்து, எதிரே வருகிறவர்களுக்கு வழிவிட்டுப் போக வேண்டும் என்பது என் வற்புறுத்தல்.

அனுமதி விஷயத்திலும் எனக்குத் திடமான கருத்து உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். அதன் பிறகும் வனத்துறையின் அனுமதி என்பதை வெறும் காகித வேலையாகப் பார்க்கிறவர்களை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நாங்கள் ஓடுவது ஊராட்சிச் சாலைகளிலும், நிர்வாகம் ஒப்புக்கொண்ட தோட்டப் பாதைகளிலும்தான். 116 ஹெக்டேர் பரப்புள்ள லாங்வுட் சோலை சுற்றியுள்ள ஊர்களுக்குத் தண்ணீர் தருகிற காடு. 2024இல் ராம்சார் தலமாகவும், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும், அறிவிக்கப்பட்டது. அதன் உள்ளே அனுமதி பெற்று நடப்போம், ஓடமாட்டோம்.

இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் பாப் கிரகாம் என்பவர் 1932இல் 42 மலையுச்சிகளை 24 மணி நேரத்துக்குள் ஓடிக் கடந்தார். இன்றும் அந்தச் சுற்றை முடித்து அங்கே இருக்கும் சங்கத்தில் உறுப்பினராக வேண்டுமானால், ஒவ்வோர் உச்சியிலும் உடன் ஓடிய ஒருவர் சாட்சியாக இருந்திருக்க வேண்டும். அந்த விதியைப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்தது.

குழுவில் உள்ள செவிலியர்

வடகிழக்குப் பருவமழை கோத்தகிரிப் பக்கத்துச் சரிவுகளில்தான் நன்றாகப் பெய்யும். அப்படி ஒரு கார்த்திகை மாதக் காலையில் நடந்ததைச் சொல்கிறேன். தூறலில் கிளம்பினோம், கோடநாடு செல்லும் பக்கத்து மேட்டில் ஏறியபோது காற்றோடு பெருமழை பிடித்துக்கொண்டது. வெயில் ஊரிலிருந்து வந்திருந்த ஓர் உறுப்பினர் கை கால் நடுங்க வந்துகொண்டிருந்தார். நடுங்குவது இயல்புதான் என்று விட்டுவிடலாம். ஆனால் அவர் மழைச்சட்டையின் ஸிப்பைப் பிடித்து இழுக்க முயன்றபோது விரல்கள் அதைப் பற்றவே இல்லை. எங்கே வலிக்கிறது என்று கேட்டதற்கு நாக்குக் குழறிப் பதில் வந்தது. உடலின் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவதற்கான அறிகுறிகள் இவை. பனி விழுகிற இடமாக இருக்க வேண்டும் என்பதில்லை. நனைந்த உடை, பலத்த காற்று, களைத்துப்போன உடம்பு, இந்த மூன்றும் சேர்ந்தால் பத்துப் பன்னிரண்டு டிகிரியிலேயே இது வந்துவிடும்.

அவரை முதலில் கவனித்தது நான் அல்ல, அவரோடு கடைசியில் வந்துகொண்டிருந்த ஆசிரியர் ஐயா. மூன்று விசில் கேட்டவுடனே முன்னால் போனவர்கள் திரும்பி வந்தார்கள். நான்கு பேர் காற்றை மறைத்து வட்டமாக நின்றோம். ஈர பனியனைக் கழற்றி, ஒருவர் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த உலர்ந்த கம்பளிச் சட்டையை மாட்டி, உடல் சூட்டைத் தக்கவைக்கும் வெள்ளிநிறத் தாளைச் சுற்றினோம். கையைக் காலைச் சூடு பறக்கத் தேய்க்க வேண்டும் என்று ஒருவர் முன்வந்தார். அது கூடாது என்று தடுத்தேன், ஏனெனில் தேய்ப்பதால் கைகால்களில் இருக்கும் குளிர்ந்த ரத்தம் நெஞ்சுக்குத் திரும்பி நிலைமையை மோசமாக்கக்கூடும். இருவர் தாங்கிக்கொள்ள அருகில் இருந்த லைன் வீடுகளுக்கு மெல்ல நடத்திக்கொண்டு போனோம். கதவைத் திறந்த அம்மா யார் எவர் என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு, "மொதல்ல தம்பிய உக்கார வையுங்க" என்று சொல்லிவிட்டு நிறையச் சர்க்கரை போட்டுத் தேநீர் கொடுத்தார். விழுங்க முடிகிறது என்று உறுதி செய்துகொண்டு சிறிது சிறிதாகக் குடிக்க வைத்தேன். நடுக்கம் அடங்கி, அவர் தன் பெயரையும் ஊரையும் தெளிவாகச் சொன்ன பிறகே எனக்கு நிம்மதி வந்தது.

2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலையோட்டத்தில் திடீரென்று குளிர்க்காற்றும் ஆலங்கட்டி மழையும் அடித்து 21 பேர் இறந்தார்கள். அந்நாட்டின் தலைசிறந்த நெடுந்தூர ஓட்டக்காரரான லியாங் ஜிங் அவர்களுள் ஒருவர். காற்றைத் தடுக்கும் சட்டை அங்கே கட்டாயப் பொருளாக வைக்கப்படவில்லை. ஜூ கெமிங் என்ற ஆடு மேய்ப்பவர் ஆறு ஓட்டக்காரர்களைத் தன் குகைக்குக் கொண்டுவந்து நெருப்பு மூட்டிக் காப்பாற்றினார். எங்களுக்குக் கதவைத் திறந்த அந்த அம்மாவின் அடுப்பை நினைக்கும்போது அவரையும் நினைத்துக்கொள்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பயிற்சிக்கு வருகிறவர்கள் கிளம்புமிடத்தில் பையைத் திறந்து காட்ட வேண்டும் என்று குழுவில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். தையலோரங்களில் நீர் புகாத மழைச்சட்டை, உறையில் கட்டிய ஓர் உலர்ந்த மேல்சட்டை, வெள்ளிநிறத் தாள், விசில், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், சாப்பிட ஏதாவது ஆகியவை அதில் இருக்க வேண்டும். மழைச்சட்டை விலை அதிகம் என்பதை அறிவோம்; மாணவர்களுக்காகக் குழுவின் பெட்டியில் உபரியாகச் சில சட்டைகள் இருக்கின்றன, கேட்கத் தயங்க வேண்டாம். அட்டைக்கடிக்கு அஞ்சுகிறவர்கள் காலுறையின் மேல் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு வரலாம்.