அம்மா அறைக்குச் சந்தனமா, பாதாமா?

நெல்லையிலிருந்து:
எங்கள் பழைய வீட்டில் அம்மாவின் அறைக்கு பெயிண்ட் அடிக்கிறோம். பட்டி பார்த்து பிரைமரும் அடித்தாயிற்று. ஷேடு கார்டில் சந்தனமும் பாதாமும் அக்கா தங்கை மாதிரி இருக்கின்றன. ஒரே ஜன்னல், மேற்குப் பார்த்தது. தரை சிவப்பு ஆக்சைடு. அம்மா கல்யாணமாகி வந்தபோது போட்டது, இன்னும் முகம் பார்க்கலாம்.

போன மாதம் அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். கார்டைக் காட்டினால், வலது கண்ணைப் பொத்திக்கொண்டு "ரெண்டும் ஒரே மஞ்சள்தான்" என்கிறாள். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, பாதாமைத் தொட்டு "இது வெள்ளைல்லா!" என்கிறாள். நாள் முழுக்க அந்த அறையில் இருக்கப்போகிறவள் அவள்தான். எதை அடிக்கட்டும்?

பெயிண்டிங் வேலை செய்பவர்:
சகோதரி, கார்டை மட்டும் நம்ப வேண்டாம். நான்கு சுவரிலும் ஏறினால் ஒன்றின் நிறம் இன்னொன்றில் பட்டு அடர்த்தியாகத் தெரியும். மேற்கு வெயிலும் சிவப்புத் தரையும் சேர்ந்தால் சந்தனம் சாயங்காலம் ஆரஞ்சுப் பக்கம் போகும். சின்ன டப்பா வாங்கி, இரண்டடிச் சதுரமாக இரண்டு கோட் அடியுங்கள். தரையை ஒட்டி ஒன்று, ஜன்னலுக்கு எதிரே ஒன்று. ஈரத்தில் முடிவு செய்யாதீர்கள். எமல்ஷன் காய்ந்தால் கொஞ்சம் கருக்கும்.

இன்னொருவர்:
என் அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்தது. புரை விழுந்த லென்ஸ் மஞ்சள் கண்ணாடி மாதிரி. எடுத்துவிட்டால் வெள்ளையும் நீலமும் பளிச்சென்று தெரியும். இடது கண்ணுக்கும் ஆபரேஷன் இருக்கிறதென்றால் வலது கண் சொல்வதைக் கேளுங்கள். அப்புறம், பல்பையும் பாருங்கள். 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சத்தில் இந்த நிறங்கள் சோகை பிடித்த மாதிரி ஆகிவிடும். மஞ்சள் வெளிச்சம் தரும் 3000 கெல்வின் போடுங்கள்.

நெல்லையிலிருந்து:
இருவருக்கும் நன்றி. அடித்து, இரண்டு நாள் விட்டுப் பார்த்தோம். நான்கரை மணி வெயிலில் தரையோரச் சந்தனம் செங்கல் பொடி தூவிய மாதிரி ஆனது. அதே நேரத்தில் பாதாம், காய்ச்சிய பாலில் படியும் ஆடை நிறம். அம்மா கட்டிலில் படுத்தபடி இடது கண்ணைப் பொத்திப் பார்த்தாள். "இப்ப வெள்ளையா இல்லட்டி, இதையே அடி" என்றாள். ராத்திரிக்கு 3000 பல்பு மாட்டினோம், அப்போதும் அதையேதான் காட்டினாள். இடது கண் ஆபரேஷன் தீபாவளி கழிந்து. பாதாமே வாங்கிவிட்டேன், திங்கட்கிழமை வேலை தொடங்குகிறது.