ஸ்ப்ளைஸ், சீலிங்: பழைய மோட்டார் ஒயர் ஒட்டுக்குக் கலைச்சொல்

> 'ஸ்ப்ளைஸ்' இணைப்பு, 'இன்சுலேஷன்' மின்காப்பு, 'சீலிங்' முத்திரையிடல். பழைய மோட்டார் பழுதுபார்க்கும் கையேட்டுக்கு இவை போதுமா?

வணக்கம் ஐயா. மின்காப்பு நிற்கட்டும், மற்ற இரண்டும் உதவாது. டெர்மினலில் நட்டு போட்டு முடுக்குவதும் இணைப்புதான். இங்கே நடப்பது வேறு: காயில் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள்) முனையையும், வெளியே வரும் லீடு ஒயரையும் 20 மி.மீ. அளவுக்குச் சுரண்டி, முறுக்கி, ஈயம் பற்றவைப்பது. 'புரியொட்டு' எனலாம். முத்திரை என்பதோ அரக்கில் குத்துவது.

> காயில் கம்பி ஒற்றைக் கம்பி. அதில் புரி ஏது?

புரி என்றால் இழை மட்டுமல்ல, முறுக்குவதும் புரிதான். கயிறு புரிப்பதை நினைத்துப் பாருங்கள்.

> சரி. சீலிங்குக்கு 'அடைகாப்பு'?

கோழி வந்து உட்கார்ந்துவிடும்!

மின்காப்பும் சீலிங்கும் தனித்தனி வேலை என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். ஒட்டின்மேல் மாட்டும் ஃபைபர்கிளாஸ் குழாயான ஸ்லீவ் மின்சாரத்தைத் தடுக்கும். ஆனால் இரண்டு வாயும் திறந்தே இருப்பதால் ஈரமும் எண்ணெயும் உள்ளே போகும். முறுக்குவதற்கு முன்பே ஸ்லீவைக் கம்பியில் கோத்துவிட வேண்டும், மறந்தால் பற்றவைத்ததைப் பிரிப்பதுதான் வழி. ஒட்டுக்கு இருபுறமும் 25 மி.மீ. நல்ல காப்பின்மேல் ஏறி நிற்க ஸ்லீவ் 70 மி.மீ. நீளம் வேண்டும். ஈயம் கூராக நீட்டிக்கொண்டிருந்தால் முதலில் அரத்தால் தேய்த்துவிடுங்கள், இல்லையென்றால் அது ஸ்லீவைக் குத்திவிடும். ஈயம் பிடிக்கப் பூசுவதற்கு ஆசிட் பேஸ்ட் ஆகாது, மிச்சம் நின்று செம்பு பச்சை பூக்கும். ரோசின் போதும்.

அதன்மேல் பருத்தி நாடாவை, ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் பாதியை மூடும்படி, இரண்டு அடுக்கு சுற்றி வார்னிஷ் பூசுவதுதான் சீலிங். பூசும் முன் காயிலைச் சூடேற்றி ஈரத்தை விரட்ட வேண்டும், தவறினால் ஈரம் உள்ளேயே அடைபடும். பி.வி.சி. டேப்பைச் சுற்றாதீர்கள். சாதாரண டேப் 80 டிகிரிக்கு மேல் தாங்காது. வெப்பம் தாங்கும் தரத்தில் 'இ' வகுப்பைச் சேர்ந்த காயில் 120 வரை போகும். பசை இளகி, டேப் நழுவி, செம்பு பக்கத்து ஒட்டைத் தொடும்.

துணி சுற்றிப் பூசி வாயடைப்பதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் உண்டு. மருந்தைப் புடம் போடுமுன், அதாவது அகலில் வைத்துச் சுடுமுன், அகல் வாயைச் சித்த மருத்துவர்கள் சீலைமண் செய்து மூடுகிறார்களே, அதுதான். மண்ணுக்குப் பதில் வார்னிஷ் வைத்தால் 'சீலைப்பூச்சு'. பட்டறைக்காரர் 'சீல்' என்பதற்கும் ஒலி அருகில் வருகிறது.

> எப்பாக்ஸி ஊற்றி மூடினால் அங்கே சீலை இல்லையே?

உண்மை. அப்படியானால் 'கசிவடைப்பு' பொதுச்சொல், 'சீலைப்பூச்சு' அதில் ஒரு வகை. ஸ்லீவை 'குழலுறை' என்று போட்டு, அடைப்புக்குறியில் ஸ்லீவ் என்றும் எழுதிவிடுங்கள். கடையில் குழலுறை கேட்டால் கிடைக்காது.