துணிக்கடையில் முக்கால் மணி நேரம்

சித்தி: இன்று துணிக்கடையில் பாப்பாவைத் திருடி மாதிரி உட்கார வைத்துவிட்டார்கள். வாசலில் அலாரம் அடித்ததாம். பில்லைக் காட்டியும் மேனேஜர் வரும்வரை உள்ளறையில் முக்கால் மணி நேரம்!

பாப்பா: பில் போட்டவர் துணியில் இருந்த திருட்டுத் தடுப்பு டேக்கைக் கழற்ற மறந்திருக்கிறார். கடைசியில் "சாரிம்மா", அவ்வளவுதான்.

அண்ணன்: அறையைப் பூட்டினார்களா?

பாப்பா: இல்லை அண்ணா. செக்யூரிட்டி வாசலை மறித்து நின்றார். என் பையும் போனும் அவர்களிடம்.

சித்தப்பா: பூட்டவே இல்லையே, பிறகு என்ன கேஸ்? விடுங்கள். பெண் பிள்ளை கோர்ட் படி ஏற வேண்டாம்.

லாயர் மாமா: மாப்பிள்ளை, பூட்டெல்லாம் தேவையில்லை. எந்தப் பக்கமும் போக முடியாமல் தடுத்தாலே அது ஃபால்ஸ் இம்ப்ரிசன்மென்ட், அதாவது சட்டவிரோத சிறைவைப்புதான். ஒரு வழியை மட்டும் அடைத்தால்தான் ஆகாது. 1845இல் லண்டனில் படகுப் போட்டிக்காக ஹேமர்ஸ்மித் பாலத்தின் ஒரு பகுதியை அடைத்தார்கள். அதற்குள் ஏறிக் குதித்தவரை முன்னால் விடவில்லை, திரும்பிப் போகலாம் என்றார்கள். அது சிறைவைப்பு ஆகாது என்று தீர்ப்பு. பாப்பாவுக்குத் திரும்பிப் போகவும் வழி இல்லையே.

அண்ணன்: லண்டன் தீர்ப்பு இங்கே செல்லுமா மாமா?

லாயர் மாமா: கட்டுப்படுத்தாது, ஆனால் மேற்கோள் காட்டலாம். தீங்கியல், அதாவது ஒருவர் செய்த தீங்குக்கு நஷ்டஈடு கேட்கும் சட்டம், நமக்கு வந்ததே அங்கிருந்துதான். கிரிமினலாகப் போனால், குற்றங்களுக்கான புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 127ஆம் பிரிவு இருக்கிறது. நஷ்டஈடு கேட்க சிவில் வழக்கு.

சித்தி: சந்தேகம் வந்தால் பிடிக்க அவர்களுக்கு உரிமை இல்லையா அண்ணா?

லாயர் மாமா: வெறும் சந்தேகம் போதாதும்மா. ஜாமீனில் விட முடியாத, போலீஸ் வாரண்ட் இல்லாமல் பிடிக்கக்கூடிய குற்றம் கண்ணெதிரே நடந்தால்தான் தனி நபர் பிடிக்கலாம். பிடித்தால் தாமதிக்காமல் போலீசில் ஒப்படைக்க வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு உச்சவரம்பு 6 மணி நேரம்.

அண்ணன்: செக்யூரிட்டி பாவம். 12 மணி நேரம் நிற்கிறவர், சொன்னதைச் செய்திருப்பார்.

லாயர் மாமா: அதனால்தான் முதலாளியைக் கேட்கிறோம். வேலையின் போக்கில் ஆள் செய்த தவறுக்கு முதலாளி பொறுப்பு. "அவர் ஏஜென்சி ஆள்" என்று கைகழுவப் பார்ப்பார்கள். ஏஜென்சியையும் பிரதிவாதியாகச் சேர்த்துவிடலாம்.

நான்: எவ்வளவு கிடைக்கும் மாமா?

லாயர் மாமா: பெரிதாக எதிர்பார்க்காதே. பணம் நஷ்டமானதை நிரூபிக்க வேண்டாம், அடைத்ததே தவறு. ஆனால் தொகை நீதிபதி கையில். பீகாரில் ருதுல் ஷா என்பவர் 1968இல் கோர்ட் குற்றமற்றவர் என்று விடுவித்தும் 1982 வரை ஜெயிலில் கிடந்தார். 1983இல் உச்ச நீதிமன்றம் தரச் சொன்னது 30,000 ரூபாய்.

சித்தி: பதினாலு வருஷத்துக்கு முப்பதாயிரமா! அநியாயம்.

லாயர் மாமா: அதற்கு முன் அரசு கொடுத்தது 5,000. முழு நஷ்டஈட்டுக்குத் தனியாக சிவில் வழக்குப் போடலாம் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் அதுவே பெரிய விஷயம்.

சித்தப்பா: ஆறு மாதம் போகட்டும் மச்சான், ஆறப் போட்டுப் பார்ப்போம்.

லாயர் மாமா: ஆறப் போட்டால் ஊசிப் போகும். காலவரம்புச் சட்டத்தில் இதற்கு விடுவித்த நாளிலிருந்து ஒரே வருடம்தான். சிசிடிவி அதுவரைகூட இருக்காது, பழையதன் மேல் புதியது ஏறிவிடும். பதிவை அழிக்காதீர்கள் என்று இன்றே மெயில் போடு பாப்பா. பில், நேரம், யார் என்ன சொன்னார்கள், எல்லாம் மறக்கும் முன் எழுதி வை.

பாப்பா: சரி மாமா. அங்கே இன்னொரு அக்கா பார்த்துக்கொண்டிருந்தார், நம்பர் வாங்கியிருக்கிறேன்.

லாயர் மாமா: அதுதான் கெட்டிக்காரி.

சித்தப்பா: சரி, நோட்டீஸ் அனுப்புங்கள். கோர்ட்டா இல்லையா என்பதை அவர்கள் பதிலைப் பார்த்து முடிவு செய்யலாம்.