இடது கால் ஸ்டாப்பரை முன்னால் தள்ளலாமா?

தங்கச்சிமடம் மாமா:
அக்கா மகனுக்குப் பதினேழு வயது. கடலோர மணலில் பந்து உதைத்து வளர்ந்தவன், ஏழாம் வகுப்பிலிருந்தே ஸ்டாப்பர், பின்வரிசையில் நடுவில் நின்று தடுப்பவன். போன மாதம் ஒரு கிளப் இளையோர் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று மதுரைக்குக் கூட்டிப் போனேன். இரண்டு நாள் ஆட வைத்துவிட்டு, "ஐந்தடி எட்டு அங்குலத்துக்கு ஸ்டாப்பர் சரிப்படாது, வேகம் இருக்கிறது, முன்வரிசை ஓரத்தில் விங்குக்கு மாறுவதாக இருந்தால் ஆறு மாதம் கழித்து வா" என்று அனுப்பிவிட்டார்கள். வந்ததிலிருந்து பையன் சரியாகச் சாப்பிடவில்லை. மச்சான் விசைப்படகு டிரைவர். இது தடைக்காலம், ஜூன் 14 வரை அவரும் வீட்டில்தான் இருப்பார். காலை டீயிலிருந்து ராத்திரி வரை இதே பேச்சு. அவர்கள் சொன்னபடி முன்னால் மாறிவிடலாம் என்பது என் கட்சி. கோலைத் தடுத்தவன் பெயர் எந்தப் பேப்பரில் வருகிறது? நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பாம்பன் ராக்கெட்:
மாமா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நம் பக்கத்தில் அணிக்கு ஏழு பேராக ஆடும் மின்னொளி செவன்ஸையே பாருங்கள். கோல் அடித்தவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். ஸ்டாப்பர் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பான். வெளியுலகிலும் அப்படித்தான். வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் டி'ஓர் விருதை 1956லிருந்து கொடுக்கிறார்கள். பின்வரிசை ஆட்களில் வாங்கியவர்கள் பெக்கன்பவர், சாமர், கன்னவாரோ என்று மூன்றே பேர். அதுவும் கடைசியாக 2006இல். 2019இல் நெதர்லாந்து ஸ்டாப்பர் வான் டைக் இரண்டாம் இடம் வரை வந்தார், மெஸ்ஸி வாங்கிக்கொண்டு போய்விட்டார். கூப்பிடுகிறவர்களே விங்குக்கு வா என்கிறார்கள், போக வேண்டியதுதானே.

கீழக்கரை காக்கா:
தம்பி பாம்பன், நீங்கள் சொன்ன அந்த மூன்றாவது ஆள் எவ்வளவு உயரம் என்று பார்த்தீர்களா? கன்னவாரோ ஐந்தடி ஒன்பது அங்குலம்தான். அந்த உயரத்தை வைத்துக்கொண்டுதான் 2006இல் இத்தாலிக்குக் கேப்டனாக உலகக் கோப்பையைத் தூக்கினார். நம் பையனைவிட ஓர் அங்குலம் கூடுதல், அவ்வளவே. பதினேழு வயதுப் பையன் இன்னும் ஓர் அங்குலம் வளர மாட்டானா?

அது கிடக்கட்டும். மாமா, பையனுக்கு எந்தக் கால்?

தங்கச்சிமடம் மாமா:
இடது கால், காக்கா. சாப்பிடுவது, எழுதுவது எல்லாம் வலது கை. பந்துக்கு மட்டும் இடது.

கீழக்கரை காக்கா:
அட, இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா!

1992க்கு முன்னால் ஸ்டாப்பர் பாடு சுலபம். நெருக்கடி வந்தால் கீப்பருக்குத் தட்டிவிடலாம், அவர் கையில் எடுத்துக்கொள்வார். அந்த வருஷம் விதியை மாற்றினார்கள். சொந்த ஆள் காலால் வேண்டுமென்றே கொடுத்த பந்தைக் கீப்பர் கையால் தொடக் கூடாது என்றாகிவிட்டது. 2019இல் இன்னொன்று. கீப்பர் ஆட்டத்தைத் திரும்பத் தொடங்க அடிக்கும் கோல் கிக்கை, சொந்த ஆள் பெனால்டி கட்டத்துக்கு உள்ளேயே நின்று வாங்கலாம். ஆகவே இப்போது ஆட்டம் தொடங்குவதே ஸ்டாப்பர் காலில். இடது பக்கம் நிற்பவன் வலது காலன் என்றால், பந்தை வாங்கி, உடம்பை உள்ளே திருப்பி, வலது காலுக்குக் கொண்டுவந்து, அப்புறம்தான் அடிக்க முடியும். அதற்குள் எதிராளி வந்து மூக்கருகே நிற்பான். இடது காலன் முதல் தொடலிலேயே கோட்டோரமாக நீட்டிவிடுவான். எதிரணிப் பையன் ஓடி வந்தது வீண். இந்த ஒரு காரணத்துக்காகவே இடது கால் ஸ்டாப்பரை எங்கே கிடைப்பான் என்று தேடுகிறார்கள்.

லிசாண்ட்ரோ மார்ட்டினெஸைப் பாருங்கள். இடது கால், ஐந்தடி ஒன்பது. 2022இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தபோது, இந்தக் குள்ளனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் டிவியில் உட்கார்ந்து பேசினார்கள். அதே வருஷம் உலகக் கோப்பை வென்ற அர்ஜென்டினா அணியில் இருந்தார்.

பாம்பன் ராக்கெட்:
காக்கா, கன்னவாரோவையும் மார்ட்டினெஸையும் காட்டினால் சரியாகிவிடுமா? ஒரு கார்னர் வருகிறது, ஆறடிக்கு மேலே ஒருவன் எழும்புகிறான், நம் பையன் என்ன அவன் தோளிலா ஏறுவான்? நாட்டின் பெரிய கால்பந்து லீக்கான ஐஎஸ்எல்லில் நடுப் பின்வரிசைக்குக் கிளப்புகள் காசு கொடுத்து வெளிநாட்டு ஆளைக் கூட்டி வருகின்றன. அந்த இடத்துக்கு வரிசையில் நிற்பதைவிட வேறு வேலை பார்க்கலாம்.

வாடைக்காற்று:
பாம்பன் அண்ணே, கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 2021-22 சீசனிலிருந்து ஒரே நேரத்தில் களத்தில் நான்கு வெளிநாட்டவர்தான் இருக்கலாம். அந்த நான்கில் கிளப்புகள் முதலில் நிரப்புவது எந்த இடத்தை? கோல் அடிக்கும் இடத்தை. அப்புறம் அவனுக்குப் பந்து கொடுக்கும் இடத்தை. இந்தியப் பையன் பார்வர்டாக ஆட வேண்டுமென்றால் பெஞ்சில் உட்கார்ந்து தொடை மரத்துப் போக வேண்டியதுதான். இந்திய அணியின் பார்வர்டு சேத்ரி 2024 ஜூனில் விடைபெற்றார். அந்த இடத்துக்கு ஆள் இல்லாமல் 2025 மார்ச்சில், நாற்பது வயதில், திரும்பக் கூப்பிட்டார்கள். நாட்டில் பார்வர்டாக ஆசைப்படும் பையனா இல்லை? ஆட இடம் இல்லை. பின்வரிசையிலோ, குறிப்பாக ஓரங்களில், இந்தியர்கள்தான் நிற்கிறார்கள். 2024-25க்கு இந்தியாவின் சிறந்த வீரர் விருதைக் கால்பந்துச் சம்மேளனம் யாருக்குக் கொடுத்தது? மோகன் பகான் கேப்டன் சுபாசிஷ் போஸுக்கு. பின்வரிசை ஆள். அவரும் இடது காலன்.

மண்டபம் டீச்சர்:
பந்து எந்தக் காலில் என்று பேசுகிறீர்களே, சோறு எந்தக் கையில் என்று யாராவது கேட்டீர்களா? 2025 ஜூலையில் ஐஎஸ்எல் சீசனையே நிறுத்தி வைத்தார்கள். சில கிளப்புகள் சம்பளத்தையும் நிறுத்தின. தேசிய அணிக்காரர்களுக்கே அந்த நிலை. காயம் வேறு. இந்திய அணியின் ஸ்டாப்பர் ஜிங்கன் 2019 அக்டோபரில் முழங்கால் தசைநார் கிழிந்து ஒரு சீசன் முழுவதையும் இழந்தார். அவருக்குப் பின்னால் கிளப் இருந்தது, டாக்டர் இருந்தார். தங்கச்சிமடத்துப் பையனுக்கு முழங்கால் போனால் ராமநாதபுரம் வரை பஸ்ஸில்தான் போக வேண்டும்.

தமிழக அரசு வேலையில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வேயும் ஆள் எடுக்கிறது. அதற்கெல்லாம் மாநில அணி, தேசியப் போட்டி என்று சான்றிதழ் வேண்டும். விங்கோ ஸ்டாப்பரோ, எதில் சீக்கிரம் அந்த அணிக்குள் நுழைய முடியுமோ அதில் ஆடட்டும். பன்னிரண்டாம் வகுப்பையும் முடிக்கட்டும்.

கீழக்கரை காக்கா:
டீச்சர் சொல்வதில் பாதிக்கு நான் வாய் திறக்க முடியாது. மீதிப் பாதிக்கு ஓர் ஆளைச் சொல்கிறேன். அனஸ் எடத்தொடிகா. மலப்புறம் கொண்டோட்டிக்காரர், சின்ன வயதில் ஆட்டோ ஓட்டியவர். ஸ்டாப்பர். இந்திய அணிக்கு முதல் ஆட்டம் 2017இல், முப்பது வயதில். பார்வர்டுக்கு முப்பதில் கால் சோர ஆரம்பிக்கும். ஸ்டாப்பருக்கு அப்போதுதான் கண் திறக்கும்.

மண்டபம் டீச்சர்:
காக்கா, அதே அனஸ் 2019 ஆசியக் கோப்பையில் பஹ்ரைன் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே காயத்தோடு வெளியே வந்தார். உடனே இந்திய அணியிலிருந்து ஓய்வு என்று அறிவித்தார். பிறகு திரும்பி வந்தார், அது வேறு. முப்பதில் வந்து முப்பத்திரண்டில் முடிகிற கதையைப் பையனின் அம்மாவிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

கீழக்கரை காக்கா:
சரி, சொல்கிறேன். அதற்கு முன்னால் என் கதை ஒன்று. நானும் மணலில் ஆடியவன். மணலில் பந்து எழும்பாது, விழுந்த இடத்தில் கிடக்கும். அதனால் நமக்குக் காத்திருந்து எடுக்கும் பழக்கம் வந்துவிடும். பத்தொன்பது வயதில் சென்னையில் ஓர் அணிக்குத் தேர்வு. காலையில் புல்லுக்குத் தண்ணீர் அடித்திருந்தார்கள். முதல் நீளப் பந்து வந்தது. மணலில் நிற்பதைப் போல நின்றேன். அது புல்லில் வழுக்கி, என் முழங்காலுக்கும் தரைக்கும் நடுவே புகுந்து போய்விட்டது. பின்னாலிருந்தவன் கோல் அடித்தான். சாப்பாட்டுக்கு முன்னாலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. ஊருக்கு வந்ததும், நீ முன்னால் ஆடு என்றார்கள். இரண்டு வருஷம் ஆடினேன். கோலும் வரவில்லை, பழைய ஆட்டமும் போய்விட்டது. என் குறை புல்லில் பந்து எப்படி எழும்பும் என்று தெரியாததுதான். அது இரண்டு மாதத்தில் சரியாகிற குறை. அதை யாராவது வாய்விட்டுச் சொல்லியிருந்தால் போதும்.

பையனை மதுரையில் புல்லிலா ஆட வைத்தார்கள், மாமா?

தங்கச்சிமடம் மாமா:
செயற்கைப் புல், காக்கா. இரவல் ஷூ. முதல் நாள் இரண்டு தடவை பந்து தலைக்கு மேலே எகிறிப் போனது. உயரம் பற்றிப் பேச்சு வந்தது அதற்குப் பிறகுதான் என்று இப்போது தோன்றுகிறது.

வாடைக்காற்று:
இவ்வளவு பேசிவிட்டு லெஃப்ட் பேக், அதாவது பின்வரிசையில் இடது ஓரம் என்று ஒருத்தரும் சொல்லவில்லையே. இடது கால், வேகம், ஐந்தடி எட்டு. ஓரத்தில் நிறுத்தினால் உயரம் பெரிதாகத் தெரியாது. பார்வர்டு ஆசைக்கு மேலே ஓடலாம், ஸ்டாப்பர் புத்தி பின்னால் உதவும். இத்தாலியின் மால்தினி பல வருஷம் லெஃப்ட் பேக், அதுவும் வலது காலை வைத்துக்கொண்டு. வயது ஏறியதும் நடுவுக்கு வந்தார். 1985இல் பதினாறு வயதில் ஆரம்பித்து 2009 வரை ஏசி மிலானுக்கு மட்டும் 902 ஆட்டம்.

கீழக்கரை காக்கா:
ஓரத்து ஆளுக்குக் கோடு ஒரு துணை, பாதி வேலையை அதுவே செய்துவிடும். நடுவில் நிற்பவனுக்கு எந்தத் துணையும் இல்லை. 1925இல் ஆஃப்சைடு விதியைப் பார்வர்டுகளுக்கு வசதியாக மாற்றியதும், நடு ஆளைப் பின்னுக்கு இழுத்து முட்டுக்கட்டை போல நிறுத்தினார்களே, அந்த இடம்தான் ஸ்டாப்பர். அதை அவ்வளவு லேசாக விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வராது. ஆனாலும் வாடைக்காற்று சொல்வது தப்பில்லை. ஒரு வருஷம் ஓரத்தில் ஆடினால் ஓட்டம் வரும்.

பாம்பன் ராக்கெட்:
அப்படிச் சொல்லுங்கள். பாதி தூரமாவது என் பக்கம் வந்துவிட்டீர்கள்.

தங்கச்சிமடம் மாமா:
எல்லாவற்றையும் பையனிடம் படித்துக் காட்டினேன். மால்தினி கதையையெல்லாம் காதில் வாங்கவில்லை. காக்கா புல்லில் விட்ட அந்தப் பந்தை மட்டும் மூன்று தடவை படிக்கச் சொன்னான். கீழக்கரையில் புல் கிரவுண்டு இருக்கிறதா என்று கேட்கிறான். மச்சானும் பக்கத்தில்தான் இருந்தார். தடைக்காலம் முடியும் வரைக்கும் போய் வரட்டும் என்றார்.

கீழக்கரை காக்கா:
நல்ல புல் இல்லை. கட்டாந்தரை இருக்கிறது, அதில் பந்து இன்னும் மோசமாக எகிறும், நல்லதுதான். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

பாம்பன் ராக்கெட்:
காக்கா, எதிரே ஓடி வர ஒரு பார்வர்டு வேண்டாமா? அதே பஸ்ஸில் நானும் வருகிறேன்.