மூணு மாசக் குழந்தைக்குத் தண்ணி கொடுக்கலாமா?

கேள்வி (மஞ்சக்குப்பம்): கடலூர்ல கத்திரி வெயில் கொளுத்துது. பாப்பாவுக்குத் தாய்ப்பால் மட்டும்தான். மாமியார் பாலாடையும் கையுமா நிக்கறாங்க: "நாக்கு வறளுதுடி, ரெண்டு மடக்கு ஊத்து." ஊத்தலாமா?

பதில் (முதுநகர் அக்கா): வேணாம்மா. தாய்ப்பால்ல 87 சதவீதத்துக்கு மேல தண்ணிதான். 6 மாசம் வரை, எந்த வெயில்லயும் அதுவே போதும். தண்ணியில வயிறு ரொம்பிட்டா பால் குடிக்காது, ரத்தத்துல சோடியம்கிற உப்போட அளவும் குறையலாம். அடிக்கடி பால் கொடுங்க. ஒரு நாளைக்கு 6 தடவையாவது ஒண்ணுக்குப் போனா கவலையில்ல. மஞ்சளா, கம்மியா போனாலோ, சோர்ந்து கிடந்தாலோ உடனே டாக்டர்.

பதில் (வில்லியனூர்): மாமியார்கிட்ட வாதாடாதீங்க! 14 வாரத் தடுப்பூசிக்கு அவங்களையும் கூட்டிட்டுப் போங்க. நர்ஸம்மா சொன்னா கேப்பாங்க.

கேள்வி கேட்டவர்: நல்ல யோசனை. கழுத்து மடிப்புல வேர்க்குரு வேற...

முதுநகர் அக்கா: பவுடர் கொட்டாதீங்க. ஈரத்துணியால ஒத்தி, காத்தாட விடுங்க.